பத்து நாள் வீக்கமும் பத்தாண்டு வீக்கமும்

எனக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. பாட்டி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சும்மா இருப்பாரா? துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, என் இரண்டு கன்னத்திலும் ‘புலி’ என்ற சீன எழுத்தை எழுதிவிட்டுப் போனார். பத்து நாளில் வீக்கம் வற்றியது. தங்கம் இழுத்துவிட்டது என்றார் எங்கள் பாட்டி. புலி விரட்டிவிட்டது என்றார் அந்தப் பாட்டி. பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் பத்து நாளில் தானே போய்விடும் என்று அவர்களிடம் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

அந்தப் பழைய வழக்கை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. பத்து நாளுக்குப் பதில் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, பிறகு தானே அடங்கும் தாடை வீக்கம் ஒன்று இருக்கிறது. பெயர் செருபிசம். மிக மிக அரிது. உலக மருத்துவ ஏடுகளில் பதிவானவர்கள் சில நூறு பேர்தான். நோய் அரிதாக இருந்தால் பக்கத்து கிளினிக் டாக்டருக்கும் அதில் பழக்கம் இருக்காது. ஆனால் கைப்பேசியில் நோயின் பெயரைத் தட்டினால் இமாட்டினிப், டெனோசுமாப், டாக்ரோலிமஸ் என்று மருந்துகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. ஜொகூரின் மாசாயிலோ கூலாயிலோ இருக்கும் ஒரு தாய், அந்தத் திரையை அப்படியே டாக்டரிடம் காட்டி, “இதில் எதை எழுதித் தரப் போகிறீர்கள்?” என்று கேட்பதில் தவறில்லை. பெற்றோருக்கு எழக்கூடிய சந்தேகங்களை எடுத்துக்கொள்வோம்.

இது என்ன நோய்? புற்றுநோயா?

இல்லை. மேல் தாடை, கீழ்த் தாடை எலும்புகளுக்குள் இருக்கவேண்டிய எலும்பு கரைந்து, அந்த இடத்தை மென்மையான நார்த்திசு நிரப்பிக்கொள்கிறது. தாடை வெளியே உப்புகிறது. உடலின் வேறு பாகத்துக்குப் பரவுவதில்லை. பெரும்பாலும் வலியும் இருக்காது. பிள்ளையின் அறிவு வளர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

1933இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் டபிள்யூ. ஏ. ஜோன்ஸ் என்ற மருத்துவர், ஒரே வீட்டைச் சேர்ந்த 3 பிள்ளைகளிடம் இதைக் கண்டு எழுதினார். உப்பிய கன்னமும், மேல்நோக்கிப் பார்ப்பதுபோன்ற கண்ணும் ஐரோப்பிய ஓவியங்களில் வரும் குட்டித் தேவதைகளை நினைவூட்டியதால் பிற்பாடு செருபிசம் என்ற பெயர் வந்தது. தமிழ் வேதாகமம் படிப்பவர்களுக்கு அந்தத் தேவதைகளைத் தெரியும், கேருபீன்கள். வேதாகமத்தில் அவை ஏதேன் தோட்டத்தைக் காவல் காப்பவை, கொழுகொழு குழந்தைகள் அல்ல. கன்னத்தை உப்பவைத்தது ஓவியர்களின் கைவேலை. கண்ணைப் பற்றிச் சொன்னேனே, அதற்குப் பக்தி காரணமில்லை. மேல் தாடை வீங்கும்போது கீழ் இமை இழுபடுகிறது, கண்குழியின் தரையும் உயர்கிறது. கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிய ஆரம்பிக்கிறது.

பொன்னுக்கு வீங்கி என்று நினைத்தோம். எப்படிப் பிரித்தறிவது?

தொட்டுப் பாருங்கள். பொன்னுக்கு வீங்கி காதுக்கு முன்னும் கீழும் மெத்தென்று வீங்கும், காய்ச்சலும் வலியும் கூடவே வரும். இது தாடை எலும்பின்மேல் கல்போலக் கெட்டியாக இருக்கும், பொதுவாக இரு பக்கமும் இருக்கும், மாதக்கணக்கில் போகாது. நம் மலேசியாவில் பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் எம்எம்ஆர் தடுப்பூசி போடுவதால் பொன்னுக்கு வீங்கியே குறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் சில மாதமாக வீங்கியிருக்கும் கன்னத்தைப் பொன்னுக்கு வீங்கிக் கணக்கில் எழுதாதீர்கள்.

பெரும்பாலும் 2 வயதிலிருந்து 7 வயதுக்குள் தொடங்கும். ‘பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், கன்னம் வைத்திருக்கிறது’ என்று சொல்லியே வீட்டில் ஓரிரு ஆண்டு ஓடிவிடும். பலருக்கு முதலில் துப்புக் கொடுப்பது பல்தான். பால்பல் சீக்கிரம் ஆடி விழும், நிரந்தரப் பல் இடம் மாறி முளைக்கும், சில கடைவாய்ப் பற்கள் உருவாகவே உருவாகாது. பள்ளிக்கு வரும் அரசாங்கப் பல் மருத்துவக் குழு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதை நாம் ஒரு சடங்காக நினைக்கிறோம். இந்த நோய் முதலில் கண்ணில் படக்கூடிய இடம் அந்த நாற்காலிதான்.

தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரேயில் எலும்பு சோப்பு நுரைபோலக் குமிழ் குமிழாகத் தெரியும், நடுவே பற்கள் மிதப்பதுபோல நிற்கும். திசுவை வெட்டி எடுத்துப் பார்ப்பது மட்டும் போதாது. பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் நுண்ணோக்கியில் இதே காட்சிதான் தெரியும். அதனால்தான் இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்க்கிறார்கள். ‘பல்லுக்கு வந்தால் எதற்கு இரத்தம் எடுக்கிறார்கள்’ என்று கோபித்துக்கொண்டு எழுந்து போகவேண்டாம்.

எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே. சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

இந்தப் பழி தாய்மாமனைக் கட்டியவர்கள்மீதும் அத்தை மகளைக் கட்டியவர்கள்மீதும் உடனே விழும். இந்த நோயில் அது பொருந்தாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும் நோய்களில்தான் சொந்தத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். செருபிசத்துக்கு ஒருவரிடமிருந்து ஒரு பழுது வந்தாலே போதும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு அந்தப் பழுது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. காசைச் சுண்டுவதுபோல, முதல் பிள்ளைக்கு வந்ததால் இரண்டாவதுக்கு வராது என்ற கணக்கெல்லாம் கிடையாது. யாரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றலாம்.

‘யாருக்கும் இல்லை’ என்று சொல்வதற்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவும் அம்மாவும் ஒன்றாம் வகுப்பில், இரண்டாம் வகுப்பில் எடுத்த வகுப்புப் படத்தைத் தேடுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் பரவாயில்லை. இலேசாக வந்து போனவர்களின் முகத்தில் 30 வயதில் ஒன்றும் தெரியாது. எட்டு வயதுப் படத்தில் தெரியும்.

எலும்பு ஏன் தாடையில் மட்டும் கரைகிறது?

2001இல் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். எஸ்எச்3பிபி2 என்று பெயர், நான்காவது குரோமோசோமில் இருக்கிறது. நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேரிடம் இதில்தான் பழுது. இந்த மரபணு செய்யும் புரதம் வேலை முடிந்ததும் உடலால் அகற்றப்படவேண்டும். டாங்கிரேஸ் என்ற நொதி அதன் ஓர் ஓரத்தைப் பிடித்து, ‘இது குப்பை’ என்று முத்திரை குத்தி அனுப்பும். பழுது உள்ளவர்களிடம் அந்தப் பிடிக்கும் இடமே கெட்டுப்போயிருக்கிறது. காதறுந்த குப்பைப் பையை லாரிக்காரர் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போவதைப் போல, புரதம் செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் மிதமிஞ்சி உருவாகின்றன, வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற இரசாயனமும் ஏறுகிறது. இந்தக் குப்பை இரகசியம் 2011இல் டொரோண்டோ ஆய்வுக்கூடங்களில் வெளிப்பட்டது. ஜோன்ஸ் இருந்த கிங்ஸ்டனும் அதே ஒன்டாரியோ மாநிலம்தான். 78 ஆண்டு கழித்து அக்கம்பக்கத்திலேயே விடை கிடைத்திருக்கிறது.

பழுது உடம்பிலுள்ள எல்லாச் செல்லிலும் இருந்தும் தாடை மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது என்பதற்கு ஓர் ஊகம் இருக்கிறது. பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும் வயதில் தாடை எலும்பு ஓயாமல் இடிந்து கட்டப்படுகிறது. வாய்க்குள் கிருமிகளுக்கும் குறைவில்லை. இரண்டும் சேர்ந்து தூண்டுகின்றன என்கிறார்கள். பருவமடைந்ததும் அடங்குவதற்கும் இந்த ஊகம் பொருந்தித்தான் வருகிறது.

மருந்து இருக்கிறதா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

செருபிசத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. நீங்கள் கைப்பேசியில் பார்த்தவை எல்லாம் வேறு நோய்களுக்காகச் செய்யப்பட்டவை. நோய் மூர்க்கமாக இருந்த ஒருசில பிள்ளைகளுக்கு, வேறு வழியில்லாமல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பெரிய நம்பிக்கை தந்தவை டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்துகள். முடக்குவாதத்துக்குப் போடும் அடாலிமுமாப் ஊசி இந்த வகைதான். 2007இல் இதே மரபணுப் பழுதோடு எலிகளை உருவாக்கியிருந்தார்கள். டிஎன்எஃப் இல்லாமல் வளர்த்த எலிகள் பிழைத்துக்கொண்டன. உடனே கதவு திறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஃபின்லாந்தில் 2 பிள்ளைகளுக்கு அடாலிமுமாப் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. எலியிலேயே பின்னர் ஒன்று புரிந்தது. நோய் தலைகாட்டுமுன் மருந்தைத் தொடங்கினால்தான் பயன். முற்றிய பிறகு கொடுத்தால் இல்லை. மனிதப் பிள்ளையோ கன்னம் வீங்கிய பிறகுதானே டாக்டரிடம் வருகிறது? போதாததற்கு, இந்த மருந்துகள் உடம்பில் பதுங்கியிருக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியவை. காசநோய் இன்னும் ஓயாத நம் நாட்டில் அதைச் சோதிக்காமல் தொடங்கவே முடியாது.

மூக்கில் அடிக்கும் கால்சிடோனினும் முயன்று பார்க்கப்பட்டது. சால்மன் மீனின் ஹார்மோனுடைய செயற்கை நகல் அது. பலன் முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. நீண்ட நாள் பயன்படுத்தினால் புற்றுநோய் ஆபத்து சற்றுக் கூடுகிறது என்று 2012இல் ஐரோப்பிய மருந்து முகமை மூக்கு மருந்தை விலக்கச் சொல்லிவிட்டது.

டாக்ரோலிமஸ், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்குப் பழக்கமான மருந்து. பாரிஸ் மருத்துவர்கள் மூர்க்கமான செருபிசம் இருந்த 4 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஓராண்டு கொடுத்து, 2015இல் எழுதினார்கள். வீக்கம் நின்றது, எலும்பு மீண்டும் உருவானது என்றார்கள். இமாட்டினிப் பற்றி 2019இல் அமெரிக்காவிலிருந்து ஒரு முதற்கட்ட அறிக்கை வந்தது. இரத்தப் புற்றுநோய் மாத்திரையான அதைச் சாப்பிட்ட சில பிள்ளைகளுக்கு வீக்கம் சுருங்கியது.

இங்கேதான் என் இரண்டு பாட்டிகளும் வந்து நிற்கிறார்கள். இந்த நோய் பருவமடையும்வரை ஏறும், பிறகு இறங்கும், 30 வயதுக்குள் பலருடைய முகம் ஏறக்குறைய மற்றவர்களுடையதைப் போல ஆகிவிடும். 12 வயதில் மருந்தைத் தொடங்கி 15 வயதில் கன்னம் வற்றினால், அது மருந்தா, வயதா? மருந்து கொடுத்த பிள்ளைகளையும் கொடுக்காத பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பெரிய ஆய்வை நடத்த நோயாளிகள் போதவில்லை. ஆகவே ஏதாவது அதிசயச் செய்தி படித்தால் முதலில் நோயாளியின் வயதைப் பாருங்கள். 4 வயதில், நோய் ஏறவேண்டிய காலத்தில் இறங்கியிருந்தால் அதற்கு மதிப்புண்டு. பாரிஸ் சிறுவனை நான் பொருட்படுத்துவது அதனால்தான். 14 வயதில் இறங்கியதென்றால் அது சங்கிலியாகவும் இருக்கலாம், புலியாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் பாட்டிக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் எலும்பு ஊசியும் டெனோசுமாப்தானாமே. பாட்டி நன்றாகத்தானே இருக்கிறார்?

பாட்டி நன்றாக இருக்கட்டும். மருந்து ஒன்றுதான், ஆள் வேறு. எலும்பைக் கரைக்கும் செல்களை இந்த ஊசி முடக்குகிறது. பெரியவர்களுக்கும் எலும்பு வளர்ச்சி முடிந்த இளையோருக்கும் வரும் ஒருவகை எலும்புக் கட்டிக்கு 2013 முதல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி உண்டு. ஊசி போடும்வரை பிள்ளைகளிடமும் நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றும். சிக்கல் நிறுத்திய பிறகு. வளரும் எலும்பு, அதுவரை அடைத்துவைத்த கதவை ஒரேயடியாகத் திறந்து, கால்சியத்தை இரத்தத்தில் கொட்டிவிடும். வாந்தி, மலச்சிக்கல், சோர்வு, தாங்கமுடியாத தாகம் என்று பிள்ளை சுருண்டு படுக்கும். சிறுநீரகம் பாதிக்கும் அளவுக்குப் போனதும் உண்டு. கடைசி ஊசி போட்டு மாதங்கள் கழித்து இது வரலாம். அதற்குள் நீங்கள் ஊசியையே மறந்திருப்பீர்கள். இதைக் கொடுக்க ஒரு டாக்டர் சம்மதித்தால், “எப்போது தொடங்குவோம்?” என்று கேட்பதைவிட, “எப்படி நிறுத்துவோம், அதன்பிறகு எத்தனை மாதம் இரத்தம் பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள்.

இமாட்டினிப் இந்தியாவில் மலிவாகக் கிடைக்கிறதாம். அக்கா ஊருக்குப் போகும்போது வாங்கிவரச் சொல்லலாமா?

மலிவானதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு, அதிலும் நம் சென்னைக்குப் பங்கு. நோவார்ட்டிஸ் கம்பெனி ‘கிளிவெக்’ என்ற பெயரில் விற்ற இந்த மருந்துக்குக் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக நடந்து, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. மாதம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆன மருந்தின் உள்நாட்டு நகல் 8 ஆயிரம் ரூபாய் அளவில் கிடைத்தது. இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அது உயிர் கொடுத்த தீர்ப்பு.

ஆனால் விலை குறைந்ததால் மருந்து மிட்டாய் ஆகிவிடாது. வளரும் பிள்ளையின் உயரத்தைக் குறைக்கக்கூடியது இது. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் விடாமல் கண்காணிக்கவேண்டும். இன்னொரு வேடிக்கை, இமாட்டினிப் சாப்பிடுபவர்களுக்குக் கண்ணைச் சுற்றி நீர் கோத்து வீங்குவது சகஜம். முக வீக்கத்துக்கு மருந்து கேட்டு, முக வீக்கத்தோடு திரும்புவதாக ஆகிவிடும். பைக்குள் போட்டுக் கொண்டுவரும் மாத்திரைக்கு அளவு சொல்ல யார் இருக்கிறார்கள்? இணையத்தில் வாங்குவது இதைவிட மோசம். மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கும். அது இல்லாததை வீட்டுக்குள் விடாதீர்கள்.

நேர்வழி இருக்கிறது. சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்தோ, பட்டியலில் இல்லாத பயன்பாடோ தேவைப்பட்டால், அரசு மருத்துவமனை நிபுணர் சுகாதாரத் தலைமை இயக்குநரின் சிறப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். காகித வேலைதான், நாளாகும். ஆனால் அந்த வழியில் போனால் மருந்தோடு ஒரு பொறுப்பாளரும் கிடைக்கிறார்.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதா?

பல பிள்ளைகளுக்குச் சரியான வைத்தியம் கண்காணிப்பதுதான், கேட்பதற்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும். கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. பல் டாக்டர் பற்களைக் காப்பாற்றிக்கொண்டே வரவேண்டும். கண் டாக்டர் பார்வை நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்கவேண்டும். இரவில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் உடனே சொல்லவேண்டும். விழுங்க முடியாமை, எடை இறங்குதல், இரட்டையாகத் தெரிதல், எல்லாமே அவசரம். அறுவைச் சிகிச்சையும், மேலே சொன்ன மருந்துகளைப் பற்றிய பேச்சும் முக்கியமாக இந்த அறிகுறிகள் உள்ள பிள்ளைகளுக்காகத்தான். முகம் பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் செதுக்குவதாக இருந்தால், பருவம் தாண்டி நோய் ஓயும்வரை காத்திருப்பது வழக்கம். முன்பே செதுக்கினால் மறுபடி வளரலாம்.

கதிர்வீச்சுச் சிகிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். பிற்காலத்தில் அதே தாடையில் உண்மையான புற்றுநோயை அழைத்துவரக்கூடும்.

பாலை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சாப்பாட்டால் வந்த நோயில்லை இது.

பள்ளியில் ‘பன்’ என்று கூப்பிடுகிறார்கள். போகமாட்டேன் என்கிறான்.

தலைமையாசிரியரிடம் முதலில் சொல்லவேண்டியது, இது தொற்றாது, அறிவைத் தொடாது என்ற இரண்டும்தான். வகுப்பாசிரியருக்கு அந்தப் பதிலைக் கைவசம் கொடுத்துவிட்டால் பாதிக் கேலி அடங்கும். பிள்ளை கொஞ்சம் பெரியவனாக இருந்தால் விக்டோரியா ரைட் என்ற பிரிட்டிஷ் பெண்மணியைப் பற்றிச் சொல்லுங்கள். செருபிசம் உள்ள அவர், மாறுபட்ட முகம் உள்ளவர்களின் உரிமைக்காகப் பேசிவருபவர். 2009இல் ‘காஸ்ட் ஆஃப்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். எல்லோருக்கும் முழுதாக வற்றிவிடுவதில்லை என்பதையும் அவர் முகமே சொல்லும். பிள்ளையிடம் ‘போய்விடும், போய்விடும்’ என்று சத்தியம் பண்ணிவிடாதீர்கள்.

ஜொகூரில் எங்கே போவது?

பக்கத்திலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கில் தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் வாய், முகத் தாடை அறுவைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். மரபணு ஆலோசனைக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபணுத் துறை இருக்கிறது. நோயின் பெயர் உறுதியானபின் தனியாகத் தவிக்கவேண்டாம். 2004இல் தொடங்கிய மலேசிய அரிய நோய்ச் சங்கம் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே இருக்கிறது. சிங்கப்பூருக்குப் போய் இன்னொரு கருத்துக் கேட்பதும் உங்கள் விருப்பம். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள டாக்டரும் இதே இரண்டு மூன்று அறிக்கைகளைத்தான் படித்திருப்பார் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பணத்தை மாற்றுங்கள்.

போகும்போது பழைய வகுப்புப் படங்களை எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலும் 6 மாதத்துக்கு ஒருமுறை, ஒரே சுவரோரம், ஒரே வெளிச்சத்தில், பிள்ளையை நேராக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்துத் தேதியோடு வையுங்கள். நாளைக்கு ஒரு மருந்து தொடங்கினால், அது வேலை செய்ததா, வயது வேலை செய்ததா என்று டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தப் படங்களைத்தான்.